லீவை ஸ்ட்ராஸ்: துணி வியாபாரி மகன் கோடீஸ்வரர் ஆன கதை

சேந்தமங்கலம் பஸ் நிலையத்தில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். நாமக்கல் பஸ்ஸுக்கும் கொல்லிமலை பஸ்ஸுக்கும் காத்து நிற்கும் இளைஞர்களில் பலர் நீல நிற ஜீன்ஸ் அணிந்திருப்பார்கள். அந்தக் கால்சட்டையின் பைகளைக் கவனியுங்கள். மூலைக்கு ஒன்றாகச் சின்னஞ்சிறு செம்பு ஆணிகள் தெரியும்.

அழகுக்காக அடித்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அழகுக்காக அடித்தது அல்ல. முதல் ஆணி, அமெரிக்காவில் ஓர் ஏழை விறகுவெட்டியின் கால்சட்டை கிழியாமல் இருப்பதற்காக அடிக்கப்பட்டது. அடித்தவர் ஒரு தையற்காரர். அந்த ஆணியை உலகம் முழுதும் கொண்டுபோனவர் லீவை ஸ்ட்ராஸ். அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் லீவைஸ் என்ற அவர் பெயர் இன்றும் கடைத் தெருவில் தொங்குகிறது.

இவர் யார்? எங்கே பிறந்தார்? எப்படிக் கோடீஸ்வரர் ஆனார்?

பவேரியாவில் பிறந்தவர்

ஜெர்மனியில் பவேரியா என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. அங்கே புட்டன்ஹைம் என்ற சிற்றூரில் 1829-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் லோப். தந்தை ஹிர்ஷ் ஸ்ட்ராஸ், ஊர் ஊராகப் போய்த் துணியும் சில்லறைச் சாமான்களும் விற்றவர். தாயார் ரெபேக்கா, இரண்டாம் தாரம்.

அந்தக் காலத்தில் பவேரியாவில் யூதர்களுக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. ஓர் ஊரில் இத்தனை யூதக் குடும்பங்கள்தான் இருக்கலாம் என்று 1813-ம் ஆண்டுச் சட்டம் கணக்கு வைத்திருந்தது. பிள்ளைகள் வளர்ந்து தனிக் குடித்தனம் போக வழியில்லை. ஆகவே மூத்த தாரத்துப் பிள்ளைகள் இருவர் முன்னதாகவே கப்பல் ஏறி நியூயார்க் போய், துணிக் கடை வைத்துவிட்டார்கள்.

1846-ல் தந்தை காச நோயால் காலமானார். அடுத்த ஆண்டே ரெபேக்கா, மகனையும் பெண் மக்களையும் அழைத்துக்கொண்டு அமெரிக்கா புறப்பட்டார். அப்போது லோபுக்கு வயது 18. நியூயார்க்கில் அண்ணன்மார் கடையில் சேர்ந்து தொழில் கற்றார். பெயரையும் லீவை என்று மாற்றிக்கொண்டார்.

தங்க பூமி

1848-ல் கலிபோர்னியாவில் தங்கம் அகப்பட்டது. செய்தி பரவியதும் உலகத்தின் நாலா திசைகளிலிருந்தும் ஜனங்கள் அங்கே ஓடினார்கள். மண்வெட்டியும் சல்லடையுமாக ஆற்று மணலில் இறங்கினார்கள்.

லீவையும் போனார். ஆனால் அவர் தங்கம் தேடப் போகவில்லை! தங்கம் தேடுகிறவனுக்கும் போர்வை வேண்டும், சட்டை வேண்டும், கைக்குட்டை வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். 1853 ஜனவரியில் அமெரிக்கப் பிரஜை ஆனார். மார்ச் மாதம் சான்பிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தார். வயது 24. அண்ணன்மார் நியூயார்க்கிலிருந்து கப்பலில் சரக்கு அனுப்பினார்கள். இவர் அதை வாங்கி, மேற்குப் பிரதேசத்துச் சிறு கடைக்காரர்களுக்கு மொத்த வியாபாரம் செய்தார். சகோதரி பேனியின் கணவர் டேவிட் ஸ்டெர்னும் கூட்டு. கடை வளர்ந்தது. 1866-ல் பாட்டரி தெருவில் பெரிய கட்டிடத்துக்குக் குடியேறியது.

கூடாரத் துணி விற்கப் போனவர், அது விலை போகாமல் அதையே வெட்டிச் சுரங்கத் தொழிலாளிக்குக் கால்சட்டை தைத்துக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. பள்ளிப் புத்தகம் வரை போன கதை. அது உண்மை அல்ல. அவருடைய கம்பெனியின் வரலாற்றை ஆராய்ந்தவர்களே அதை மறுத்துவிட்டார்கள். உண்மைக் கதை வேறு. அதில் கதாநாயகர் இன்னொருவர்.

விறகுவெட்டியின் மனைவி

அவர் பெயர் ஜேக்கப் டேவிஸ். 1831-ல் ரீகா நகரில் பிறந்த யூதர். பல தொழில்கள் செய்து நஷ்டப்பட்டு, கடைசியில் நெவாடா மாகாணத்து ரீனோ நகரில் தையற்கடை வைத்தார். கூடாரமும் குதிரைப் போர்வையும் தைப்பார். துணியை லீவை ஸ்ட்ராஸ் கடையில் வாங்குவார்.

ஒரு குளிர்காலத்தில் ஒரு விறகுவெட்டியின் மனைவி அவர் கடைக்கு வந்தாள். புருஷனுக்குச் சீக்கிரம் கிழியாத கால்சட்டை ஒன்று வேண்டும் என்றாள். 3 டாலர் விலை பேசினார்கள். கெட்டித் துணியில் டேவிஸ் தைத்து முடித்தார். மேஜை மேல் குதிரைப் போர்வைக்கு வார் பிணைக்கும் செம்பு ஆணிகள் கிடந்தன. கால்சட்டை எங்கே முதலில் கிழிகிறது? பையின் மூலையில். கையை விட்டு விட்டு எடுக்கிற இடம், கனத்த சாமான் போட்டு இழுக்கிற இடம் அதுதான். அந்த மூலைகளில் ஆணியை வைத்துத் தட்டினார்.

அந்தக் கால்சட்டை கிழியவில்லை. செய்தி வாய்வழியாகப் பரவியது. ஒன்றரை ஆண்டில் சுமார் 200 கால்சட்டைகள் விற்றார் டேவிஸ். பிறகு கவலை பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கடைக்காரன் பார்த்து அப்படியே செய்துவிட்டால்? பேடண்ட் உரிமை வாங்க வேண்டும். கட்டணம் 68 டாலர். மறுபடியும் பணத்தைக் கரைக்க வேண்டாம் என்றாள் மனைவி.

1872 ஜூலையில் டேவிஸ், துணி வாங்கும் கடை முதலாளிக்கே கடிதம் எழுதினார். மாதிரிக் கால்சட்டைகளையும் கூட அனுப்பினார். செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் உரிமையில் பாதி உங்களுக்கு என்பதே கடிதத்தின் சாரம்.

லீவைக்கு அப்போது வயது 43. இருபது ஆண்டு துணி வியாபாரம் செய்த கண், மாதிரியைப் பார்த்ததுமே அதன் மதிப்பை எடை போட்டுவிட்டது. உடனே விண்ணப்பம் போடச் சொன்னார். பேடண்ட் ஆபீசு முதலில் மறுத்தது. திருத்தி மீண்டும் அனுப்பினார்கள். 1873 மே 20-ந் தேதி உரிமை கிடைத்தது. எண் 139,121. டேவிஸ் சான்பிரான்சிஸ்கோ வந்து, தையல் வேலை முழுவதையும் மேற்பார்வை பார்த்தார். 1908-ல் அவர் காலமானார். ஆனால் பெயர் மட்டும் லீவைக்கே நின்றது.

நீலத்தில் நமக்கும் பங்கு

கால்சட்டைத் துணி, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த அமோஸ்கெக் ஆலையில் நெய்யப்பட்டது. பாவு நூலுக்கு நீலச் சாயம், ஊடை நூல் வெள்ளை. இதுதான் டெனிம். பிரான்சு தேசத்து நீம் நகரின் பெயரால் வந்த சொல் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் இடம் உண்டு. பம்பாயில் டோங்கிரி என்ற பகுதியில் விற்ற முரட்டுத் துணியின் பெயர்தான் ஆங்கிலத்தில் டங்கரீ ஆனது. இன்றைக்கும் வேலைக்காரர் உடைக்கு அந்தப் பெயர் வழங்குகிறது. நீலச் சாயத்துக்கு ஆங்கிலத்தில் இண்டிகோ என்று பெயர். இந்தியாவிலிருந்து வந்தது என்பதே அதன் பொருள். நம் அவுரிச் செடிதான் அது. சென்னை மாகாணத்தில் கடப்பை, தென்னார்க்காடு ஜில்லாக்களில் அவுரி ஏராளமாகப் பயிரானது. 1897-ல் ஜெர்மன் ரசாயனக் கம்பெனி ஒன்று செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் அவுரி விவசாயம் படுத்துவிட்டது.

இரட்டைக் குதிரை

பேடண்ட் உரிமைக்கு ஆயுள் 17 ஆண்டு. 1890-ல் அது முடியும். பிறகு யார் வேண்டுமானாலும் ஆணி அடிக்கலாம். லீவை அதற்கு முன்பே ஏற்பாடு செய்துகொண்டார். 1886-ல் இடுப்பின் பின்புறம் தோல் சீட்டு ஒன்று தைக்கப்பட்டது. அதில் ஒரு கால்சட்டையை இரண்டு குதிரைகள் இரு பக்கமும் பிடித்து இழுப்பது போல் படம். இழுத்தும் கிழியவில்லை! எழுத்துத் தெரியாத தொழிலாளிக்கும் படம் தெரியும். ஆங்கிலம் தெரியாதவனும் கடையில் குதிரைச் சீட்டு என்று கேட்டு வாங்கலாம். 1890-வாக்கில் இந்தக் கால்சட்டைக்கு 501 என்ற சரக்கு எண் வந்தது. இன்றும் அதே எண்தான்.

ஒரு கறை

லீவை தருமவான். அனாதை ஆசிரமங்களுக்குக் கொடுத்தார். 1897-ல் கலிபோர்னியா சர்வகலாசாலையில் 28 உபகாரச் சம்பளங்களுக்குப் பணம் தந்தார். இவை எல்லாம் அவர் வரலாற்றில் பெருமையாக எழுதப்பட்டிருக்கின்றன.

ஆனால் ஒரு கறையும் உண்டு. ரயில் பாதை போட வந்த சீனத் தொழிலாளிகள் மீது கலிபோர்னியாவில் துவேஷம் மூண்டிருந்த காலம் அது. 1882-ல் சீனர் குடியேறத் தடைச் சட்டமே வந்தது. அந்தச் சமயத்தில் லீவையின் கம்பெனி, தன் கால்சட்டை வெள்ளைத் தொழிலாளர் கையால் மட்டுமே செய்யப்பட்டது என்று பையின் உள்துணியில் அச்சடித்து விற்றது. இத்தனை குடும்பங்களுக்கு மேல் கூடாது என்ற சட்டத்தால் பிறந்த ஊரை விட்டு வந்தவரின் கம்பெனி, இன்னொரு ஜனத்தை ஒதுக்கி விளம்பரம் செய்தது. 1890-களில் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள்.

கம்பெனியின் விளம்பரங்கள் மறந்துபோன இந்தச் சங்கதியைத் துணி மறக்கவில்லை. 1880-களில் தைத்த அத்தகைய கால்சட்டை ஒன்று, கைவிடப்பட்ட ஒரு பழைய சுரங்கத்தில் அகப்பட்டது. 2022 அக்டோபரில் அது 76,000 டாலருக்கு ஏலம் போனது. கமிஷனோடு சேர்த்தால் 87,400 டாலர். உள்துணியில் அந்த எழுத்து அப்படியே இருந்தது. அந்தக் கால்சட்டைக்கு வயது சொன்ன அடையாளங்களில் அதுவும் ஒன்று.

மரணமும் நெருப்பும்

லீவை கலியாணம் செய்துகொள்ளவில்லை. சகோதரி பேனியின் குடும்பத்தோடே வாழ்ந்தார். டேவிட் ஸ்டெர்ன் 1874-ல் இறந்தபின், தகப்பனில்லாத அந்தப் பிள்ளைகளுக்குத் தாய்மாமனாக நின்று தொழில் பழக்கினார். 1902 செப்டம்பர் 26-ந் தேதி இரவு, சாப்பிட்டுப் படுத்தவர் தூக்கத்தில் காலமானார். வயது 73. அவர் விட்டுச்சென்ற சொத்து சுமார் 60 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். வியாபாரம், சகோதரியின் நான்கு ஆண் பிள்ளைகள் கைக்கு வந்தது.

நான்கு ஆண்டு கழிந்தது. 1906 ஏப்ரல் 18-ந் தேதி அதிகாலையில் சான்பிரான்சிஸ்கோவில் பூகம்பம்! அதைத் தொடர்ந்து நகரமே தீப்பற்றி எரிந்தது. பாட்டரி தெருக் கட்டிடமும் எரிந்தது. கணக்குப் புத்தகங்கள், கடிதங்கள், மாதிரிக் கால்சட்டைகள் எல்லாம் சாம்பல்.

501 என்ற எண்ணை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பின்பையில் வில் போல் வளைந்த இரட்டைத் தையலை முதலில் போட்டவர் யார்? சொல்வதற்குக் காகிதம் இல்லை. கூடாரத் துணிக் கதை போன்ற கட்டுக்கதைகள் மறுப்பார் இல்லாமல் வளர்ந்ததற்கும் அதுவே காரணம்.

துணியே சாட்சி

காகிதம் எரிந்துவிட்டது. கால்சட்டைகள் எரியவில்லை. அவை சுரங்கங்களிலும் பண்ணை வீட்டுப் பரண்களிலும் கிடந்தன. கம்பெனியே இப்போது அவற்றைத் தேடி விலைக்கு வாங்குகிறது. நெவாடாவில் அகப்பட்ட, 1880-களைச் சேர்ந்த ஒரு கால்சட்டைக்கு 2001-ல் 46,532 டாலர் கொடுத்தது. தான் தைத்து விற்ற சரக்கையே இத்தனை விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று!

பழைய கால்சட்டையின் வயதை எப்படிச் சொல்கிறார்கள்? ஜோசியம் அல்ல. ஒவ்வோர் அடையாளமும் எந்த ஆண்டில் வந்தது, எந்த ஆண்டில் போனது என்று தெரிந்தால் போதும்.

முதலில் பின்பக்கம் பாருங்கள். ஆரம்பத்தில் பின்பை ஒன்றுதான். 1901-வாக்கில் இரண்டாவது பை வந்தது. ஒற்றைப் பை என்றால் லீவை உயிரோடிருந்த காலத்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அடுத்து இடுப்பு. பழங்காலத்தில் தோள்வார் மாட்டப் பித்தான்களும், பின்னால் இழுத்து இறுக்க ஒரு பட்டையும் இருந்தன. பெல்ட் நுழைக்கும் வளையம் வந்தது 1922-ல். தோள்வார்ப் பித்தான் போனது 1937-ல். பின்பட்டையும், கால்கள் கூடுமிடத்தில் இருந்த ஆணியும் இரண்டாம் உலக யுத்தத்தின்போது, உலோகத்தையும் துணியையும் மிச்சப்படுத்துவதற்காக நீக்கப்பட்டன. அப்போது நூலுக்கும் தட்டுப்பாடு. வில் தையலைத் தைக்காமல் சாயத்தால் வரைந்தே விட்டார்கள்!

பின்பையின் ஓரத்தில் சிவப்பு நாடா வந்தது 1936-ல். 1971 வரை அதில் எல்லா எழுத்தும் ஆங்கிலப் பெரிய எழுத்து. அதன்பின் முதல் எழுத்து மட்டும் பெரிது, மற்றவை சிறிது. இந்த ஒரே வித்தியாசம் விலையைப் பன்மடங்கு கூட்டுகிறது.

பின்பை ஆணிகள் நாற்காலியையும் சேணத்தையும் கீறுவதாகப் புகார் வந்தது. ஆகவே 1937-ல் அவற்றைத் துணிக்கு அடியில் மறைத்துத் தைத்தார்கள். 1966-வாக்கில் அவற்றையும் எடுத்துவிட்டு, நூலால் நெருக்கித் தைத்தார்கள். தோல் சீட்டுக்குப் பதில் கெட்டி அட்டைச் சீட்டு வந்தது 1950-களின் நடுவில். துவைக்கும் முறையைச் சொல்லும் சீட்டை உடையில் நிரந்தரமாகத் தைக்க வேண்டும் என்று அமெரிக்க அரசாங்கம் 1971-ல் விதி செய்து, 1972-ல் அமலுக்குக் கொண்டுவந்தது.

இனி கணக்குப் போடுங்கள். பெல்ட் வளையம் இருக்கிறது, தோள்வார்ப் பித்தானும் இருக்கிறது, சிவப்பு நாடா மட்டும் இல்லை. அப்படியானால் 1922-க்கும் 1936-க்கும் இடைப்பட்டது. பின்பை ஆணி மறைந்திருக்கிறது, நாடாவில் பெரிய எழுத்து, பின்பட்டை இல்லை. அது யுத்த காலத்தது அல்லது அதற்குப் பிற்பட்டது, 1966-க்கு முற்பட்டது.

தறிக்காரர் அறிந்த ரகசியம்

இன்னோர் அடையாளம் இருக்கிறது. சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் தறி வைத்திருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

நாடா ஓடும் தறியில் ஊடை நூல் ஓரத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது. ஆகவே துணியின் ஓரம் தானாகவே கட்டிக்கொள்ளும், பிரியாது. பழைய டெனிம் அப்படிப்பட்ட அகலம் குறைந்த தறிகளில் நெய்தது. கால்சட்டையின் வெளிப்பக்கத் தையலை உட்புறம் திருப்பிப் பார்த்தால், வெட்டாத அந்த ஓரம் இரண்டும் தெரியும். லீவை கம்பெனிக்கு 1915 முதல் துணி கொடுத்த வைட் ஓக் ஆலை, ஓரத்தில் சிவப்பு நூல் ஓட்டியது. பிறகு நாடா இல்லாத அகலத் தறிகள் வந்தன. துணியை நடுவில் வெட்டி, பிரியாமல் இருக்க ஓரம் அடித்தார்கள். 1980-களில் 501-லும் பழைய ஓரம் மறைந்தது. வைட் ஓக் ஆலையும் 2017 கடைசியில் மூடப்பட்டது.

ஆனால் எச்சரிக்கை! பழைய மாதிரியையே புதிதாகத் தைத்து, கம்பெனியும் விற்கிறது, மற்றவர்களும் விற்கிறார்கள். ஓர் அடையாளத்தை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். எல்லா அடையாளங்களும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். ஒரு சிறு சோதனை உண்டு. சீட்டின் ஓரத்தைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். உண்மையிலேயே ஆதி முதல் தைத்திருந்த சீட்டு என்றால், அடியில் துணி வெளுக்காமல் கரு நீலமாக இருக்கும். அடியிலும் வெளுத்திருந்தால் சீட்டு பின்னால் வந்தது.

கடலடியில் ஒரு கால்சட்டை

1857-ல் சென்ட்ரல் அமெரிக்கா என்ற கப்பல், கலிபோர்னியாத் தங்கத்தோடு அட்லாண்டிக் சமுத்திரத்தில் புயலில் மூழ்கியது. பிற்காலத்தில் அதன் சாமான்களை மேலே எடுத்தபோது, ஒரு பெட்டியில் கால்சட்டை ஒன்று இருந்தது. அது லீவை ஸ்ட்ராஸ் விற்றதாக இருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். 2022 டிசம்பரில் அதே ரீனோ நகரில் 1,14,000 டாலருக்கு ஏலம் போனது.

கம்பெனியின் வரலாற்று அதிகாரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. துணி டெனிம் அல்ல. ஆணி இல்லை. லீவையின் பெயர் பொறித்த அடையாளம் எதுவும் இல்லை. ஆணி அடித்த கால்சட்டை 1873-ல்தான் பிறந்தது. கப்பல் அதற்கு 16 ஆண்டு முன்பே மூழ்கிவிட்டது. கப்பல் கால்சட்டையின் வயது உறுதி. தைத்தவர் யார் என்பது உறுதி இல்லை. வயதும் வம்சமும் வேறு வேறு என்பதற்கு இது நல்ல பாடம்.

புட்டன்ஹைமில் லீவை பிறந்த வீடு இன்றும் இருக்கிறது. 2000-ம் ஆண்டில் அதைக் காட்சிசாலை ஆக்கினார்கள். அங்கேயும் பழைய கால்சட்டைகளைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்துப் பரண்களில் அமெரிக்கக் கால்சட்டை அகப்படுவது அபூர்வம். ஆனால் தாத்தா பட்டாளத்தில் போட்ட காக்கி உடுப்பு பல வீடுகளில் கிடக்கும். வயது காணும் முறை அதற்கும் இதேதான். பித்தானில் கிரீடம் பொறித்திருந்தால் வெள்ளைக்காரர் காலத்தது. அசோகர் சிங்கம் இருந்தால் 1950-ல் குடியரசு ஆனபின் வந்தது. உள்பையில் முத்திரை, எண், ஆண்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். லாரி துடைக்கக் கிழித்துப் போடுமுன், பித்தானையாவது ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.